மூன்றாம் விதியும் வேகாத உருளைக்கிழங்கும்

1

இது ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. இடப்பக்கம் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், ஒரு வரி இடம் விட்டுப் பொருள், அடுத்த வரியில் பார்வை. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் கற்ற வரிசை. நெப்ராஸ்காவுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. மின்சார ஆபீசுக்கும் பல் மருத்துவருக்கும்கூட இன்றுவரை அதே வரிசையில்தான் எழுதுகிறேன்.

அனுப்புநர்: மரியதாஸ், மட்டுறுத்துநர், 'மூடி இறுகியதா' குழுமம்.

பெறுநர்: ஜெனீவா டப்ஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், மிசூரி.

பொருள்: தங்கள் பதிலை நீக்கியது தொடர்பாக.

பார்வை: செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல் 2.10க்குத் தாங்கள் இட்டு, 2.14க்கு நான் நீக்கிய பதில்.

அன்புள்ள ஜெனீவா, நான்

அந்த 'நான்' என்ற சொல்லில் கடிதம் மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் மன்னிப்பு எங்கேயும் இல்லை. விளக்கம்தான் இருந்தது: யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள். இவ்வளவு நீண்ட விளக்கத்தைக் கதை என்று சொல்வதுதான் நியாயம் என்று தோன்றியது. என் மொழிக்கு மாறிக்கொண்டேன். அதில் ஒரு வசதியும் இருந்தது. ஜெனீவாவுக்குத் தமிழ் தெரியாது. என்னைத் திருத்த முடியாது. (அந்த வசதி எத்தனை நாள் நீடித்தது என்பது ஏழாம் பகுதியில் வரும்.)

ஏழு வாரமாக ஜெனீவா குழுமத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் மறுபடி எழுத வேண்டும். இந்தக் கதைக்கு வேறு நோக்கம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "இணையம் வந்த பிறகு எல்லோரும் மருத்துவர்கள், எல்லோரும் வழக்கறிஞர்கள், எல்லோரும்"

நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். எழுதுகிறவர் மட்டும் அந்த 'எல்லோரும்' என்பதற்குள் வரமாட்டார்.

இரண்டாம் தொடக்கம்: "வெர்னன் என்றொரு மட்டுறுத்துநர் இருந்தான். விதி என்றால் அவனுக்கு"

வெர்னன் பதினோரு பக்கம் உயிரோடு இருந்தான். மீசை கொடுத்தேன், முதுகுவலி கொடுத்தேன், துருப்பிடித்த நீல வேன் ஒன்று கொடுத்தேன். ஜெனீவாவின் பதிலை நீக்கியவன் அவன்தான். படிக்கப் படிக்க எனக்கே அவன்மேல் கோபம் வந்தது. பிறகுதான் எதற்காக அவனைப் படைத்தேன் என்று உறைத்தது.

வெர்னனை நீக்கிவிட்டேன். நீக்குவது எனக்குக் கைவந்த வேலை.

மூன்றாம் தொடக்கத்தைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

3

'மூடி இறுகியதா' என்பது காய், பழம், சூப் என்று எதையும் கண்ணாடி ஜாடியில் அடைத்து, வருடக்கணக்கில் கெடாமல் வைத்துச் சாப்பிடுகிறவர்களின் இணையக் குழுமம். நாலாயிரத்துச் சொச்சம் பேர். யார் என்ன எழுதலாம் என்று பார்த்து, கூடாததை நீக்குகிற மட்டுறுத்துநர் நான். ஜாடி ஆறும்போது மூடி உள்வாங்கி 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள்.

தக்காளி, பீச் போன்றவற்றில் புளிப்பு உண்டு. வெறும் கொதிநீர் போதும். பீன்ஸில் புளிப்பு இல்லை. போதிய சூடு ஏறாவிட்டால், மூடி என்னதான் இறுகியிருந்தாலும், ஜாடிக்குள் ஒரு நச்சு வளரலாம். அது கண்ணுக்குத் தெரியாது, வாடை வராது, ருசி மாறாது. ஒரு கரண்டி போதும், ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். சில சமயம் எழுந்திருக்கவும் விடாது. அதனால் பீன்ஸுக்கு ஆளுயர அடுப்பும் பானை அளவு பிரஷர் குக்கரும், அதன் தலையில் சரியான வெயிட்டும் வேண்டும்.

[ஆளுயர அடுப்பு என்பது மிகை. கொஞ்சம் கீழே வரப்போகும் டாக்டர் சுட்டிக்காட்டினார். அடித்துவிடவில்லை, அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.]

இப்படிப்பட்ட விஷயத்தில் எங்கள் குழுமத்தில் முன்பெல்லாம் தினமும் ஒருவர் எழுதிய வாக்கியம்: "எங்க வீட்டில் நாற்பது வருஷமா இப்படித்தான் செய்யறோம், இதுவரைக்கும் யாரும் சாகலை." மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஆள், பீன்ஸ் ஜாடிகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைத்து எடுத்தாலே போதும் என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். அன்று மாலை நான் மூன்றாம் விதியை எழுதினேன்:

பாதுகாப்பு பற்றிய கேள்விக்குப் பதில் சொல்கிறவர் கடைசி வரியில் 'பார்வை' தர வேண்டும். சோதனை செய்து வெளியிட்ட புத்தகமோ பல்கலைக்கழக வெளியீடோ மட்டுமே பார்வை ஆகும். பார்வை இல்லாத பதில் நீக்கப்படும்.

பள்ளியில் கற்ற வரியைத்தான் இங்கே கொண்டுவந்து நட்டேன். ஆறு மாதத்தில் கூச்சல் அடங்கியது. டாக்டர் ரூத் ஆன் ஹால்வர்சன் குழுமத்தில் சேர்ந்ததே அதனால்தான். பல்கலைக்கழகம் ஒன்றின் உணவு ஆய்வகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். "நாற்பது வருடக்காரர்கள் இல்லாத இடம் இது ஒன்றுதான்" என்று சேர்ந்த அன்று எழுதினார். அதை நான் அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

விதியைப் பற்றி எனக்கு அப்போது பெருமை. இப்போதும் முக்கால்வாசி இருக்கிறது. அதையும் எழுதிவிடுவதுதான் முறை.

4

மார்வா லின்ட்க்விஸ்ட் என்ற உறுப்பினர் அந்தப் புதன்கிழமை ஒரு படமும் கேள்வியும் போட்டாள். மேசைமேல் இருபத்தெட்டு ஜாடி பச்சை பீன்ஸ், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஏழேழாக நான்கு ஈடு. "மூடி எல்லாம் இறுகிவிட்டது. ஆனால் சில ஜாடிகளில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. பத்து பவுண்ட் வெயிட், இருபத்தைந்து நிமிடம், புத்தகத்தில் உள்ளபடி. சனிக்கிழமை தீயணைப்பு நிலைய விருந்தில் தொண்ணூறு பேர். பரிமாறலாமா?"

டாக்டர் பத்து நிமிடத்தில் பதில் எழுதினார். தண்ணீர் இறங்குவதால் ஆபத்தில்லை. மேலே நிற்கும் பீன்ஸ் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். எடையும் நேரமும் சரி. தாராளமாகப் பரிமாறலாம். பார்வை: புத்தகம், பதிப்பு, பக்கம்.

2.10க்கு ஜெனீவா எழுதினாள். அதை அப்படியே தருகிறேன்:

"மார்வா, போன வாரம் நம் குழுமத்து ரொட்டிப் பேச்சில் நீ சொன்னாய், மாவு பாத்திரத்தை விட்டுத் துள்ளி வெளியே வருகிறது என்று. உருளைக்கிழங்கு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை என்றும் சொன்னாய். அந்தச் சமையலறையில் ஏதோ சரியில்லை. அடுப்பு என்று நினைக்கிறேன். யாராவது பார்க்கும்வரை பீன்ஸைத் தொடாதே. பார்வை: ஒன்றும் இல்லை, மனசு சொல்கிறது."

நான் சிரித்தேன். அதையும் எழுதுகிறேன். 'மனசு சொல்கிறது' என்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நீக்கினேன். கூடவே ஒரு சுருக்கமான அறிவிப்பும் அனுப்பினேன்: மூன்றாம் விதி, நான்காம் எச்சரிக்கை.

* இங்கே ஒரு குறிப்பு. எழுதியதை மேலிருந்து படித்தேன். டாக்டர் வரும் இடமெல்லாம் 'எழுதினார்'. ஜெனீவாவும் மார்வாவும் வரும் இடமெல்லாம் 'எழுதினாள்', 'போட்டாள்'. மூவருக்கும் வயதில் நாலைந்து வருடம்தான் வித்தியாசம். யாரும் என்னிடம் அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. மேலே உள்ளதை மாற்றப்போவதில்லை, தெரியட்டும். இனிமேல் மூவரும் 'அவர்'தான்.

5

வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட முதல் நடையை முடித்துவிட்டு, காலி பேருந்திலிருந்தே ஜெனீவா என்னை அழைத்தார். மாநிலச் சந்தை ஒன்றில் இருவரும் ஊறுகாய் ஜாடி மாற்றிக்கொண்டபோது எண் வாங்கியிருந்தார். பின்னால் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"மட்டுறுத்துநர் ஐயா இருக்காரா, இல்ல அவரையும் யாராவது நீக்கிட்டாங்களா?"

"ஜெனீவா, விதி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நீதான நாலு தடவ அனுப்பியிருக்க. எதுக்கு நீக்கின?"

"பார்வை வரி இல்ல."

"உருளைக்கிழங்கு வேகலைங்கறதுக்கு எந்தப் புத்தகத்துல பக்கம் தேடறது? அந்தம்மாவே எழுதினது அது. நான் படிச்சேன். நீ படிச்சியா?"

"ரொட்டிப் பேச்செல்லாம் நான் பாக்கறதில்ல. அதுல பாதுகாப்புப் பிரச்சினை கிடையாது."

"அதான் கேக்கறேன். டாக்டர் பாத்தாங்களா?"

"டாக்டர் ஏற்கனவே பதில் சொல்லிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்."

"தாஸ், நான் இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டறேன். பின்னாடி அறுபது பிள்ளைங்க கத்திட்டு இருக்கும். கத்தற வரைக்கும் எனக்குக் கவலை இல்ல. திடீர்னு ஒரு சீட்டு மட்டும் அமைதியாச்சுன்னா வண்டிய ஓரங்கட்டுவேன். எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பிப் பாத்தா ஒருத்தன் அடுத்தவன் ஷூவுல பசையைக் கொட்டிட்டு இருப்பான். எனக்கு பீன்ஸப் பத்தித் தெரியாது. ஏதோ சரியில்லன்னு மட்டும் தெரியுது. தெரிஞ்சவங்ககிட்ட அதைக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்காவது உன் குழுமத்துல இடம் இருக்கா?"

"போன வருஷம் தக்காளி ஜாடியில ஆஸ்பிரின் மாத்திரை போடச் சொன்னீங்க."



"சொன்னேன். எங்க மாமியார் போடுவாங்க. தப்புன்னு டாக்டர் சொன்னாங்க, விட்டுட்டேன். ஒரு தடவ தப்பா சொன்னவ சாகற வரைக்கும் வாயத் திறக்கக்கூடாதா?"

அதற்கு விதியில் பதில் தேடிப் பார்த்தேன், இல்லை.

அழைப்பு முடிந்ததும் நீக்கிய பதிலைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து டாக்டருக்குத் தனியாக அனுப்பினேன். மரியாதைக்காக ஒரு வரியும் சேர்த்தேன்: "தங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்." (பாருங்கள், என் முதல் மன்னிப்பு தப்பான முகவரிக்குப் போயிருக்கிறது.)

மூன்று நிமிடத்தில் டாக்டரே அழைத்தார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"அந்தம்மா எந்த ஊர்ல இருக்காங்க?"

"அவங்க பேருக்குக் கீழ அயோவா, டேவன்போர்ட்னு போட்டிருக்கு டாக்டர்."

"டேவன்போர்ட்ல உருளைக்கிழங்கு வேகும். மாவு துள்ளாது. இந்த ரெண்டும் ஒரே வீட்டுல நடக்குதுன்னா அந்த வீடு மலைமேல இருக்கு. எப்பவாவது வீடு மாறினதா சொன்னாங்களா?"

கேள்வி எதற்கு என்று உடனே புரிந்தது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆயிரம் அடிக்கு மேல் போனால் பத்து பவுண்ட் வெயிட் போதாது, பதினைந்து வேண்டும். எங்கள் குழுமத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான் இது. தெரிந்த பாடமாக இருப்பதால்தான் யாரும் கேட்பதில்லை. சமவெளியில் இருபது வருடம் பத்து பவுண்ட் வைத்துப் பழகியவர் வீடு மாற்றும்போது குக்கரை மூட்டை கட்டுவார். வெயிட்டும் கூடவே போகும், கையின் பழக்கமும் போகும்.

"அந்தப் பதில் எங்க இருந்தது? என் கண்ணுல படவே இல்லையே" என்றார் டாக்டர்.

"அது... விதிப்படி"

இந்த வாக்கியத்தை அன்றும் முடிக்கவில்லை, இன்றும் முடிக்கத் தெரியவில்லை.

6

ரொட்டிப் பேச்சைத் தோண்டிப் படித்தேன். வசந்த காலத்தில் கொலராடோ மலைப்பக்கம் லார்க்ஸ்பர் ஃபோர்க் என்ற சிற்றூருக்கு மார்வாவும் கணவரும் குடிபெயர்ந்திருந்தார்கள். பீன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் வந்தது. இரண்டு மூட்டை வாங்கியிருக்கிறார். புது ஊர், முதல் விருந்து, நல்ல பெயர் வாங்க வேண்டும். அவருக்குச் செய்தி அனுப்பினேன். டாக்டரும் அனுப்பினார். பதில் இல்லை. டாக்டர் சரி என்று சொல்லியாகிவிட்டது. மார்வா எதற்காக மறுபடி வந்து பார்க்கப்போகிறார்?

டாக்டர் சொன்னதை ஜெனீவாவுக்குச் சொன்னேன். அவர்தான் பிற்பகல் நடை தொடங்குவதற்குள் அந்த ஊரில் யாராவது போனை எடுப்பார்களா என்று முயன்றார். ஊர் அலுவலகம் பூட்டியிருந்தது. நூலகத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவதாகத் தீயணைப்பு நிலையம். அந்த உரையாடலை அவர் எனக்கு இரண்டு முறை நடித்துக் காட்டியிருக்கிறார். இது இரண்டாம் முறைப் பாடம்.

"ஃபயர் ஹால், கார்ட் ப்ரீன் பேசறேன்."

"நான் மிசூரியில இருந்து பேசறேன். ஸ்கூல் பஸ் ஓட்டறவ. உங்க ஊர்ல மார்வான்னு ஒருத்தங்க, பீன்ஸ்..."

"எங்க பத்திக்கிச்சு?"

"எங்கயும் பத்திக்கல. பீன்ஸ் விஷயம்."

"அம்மா, இது தீயணைப்பு லைன்."

"தெரியுதுப்பா. உங்க ஊரு எத்தன அடி உயரம்?"

"என்னது?"

"உயரம். கடல்லருந்து."

"ஏழாயிரத்து அறுநூறு. ஊர்ப் பலகையிலேயே எழுதியிருக்கு. ஜனத்தொகைய விட அதுதான் பெரிய நம்பர். ஏன்?"

"ஜனத்தொகை அப்படியே இருக்கணும்னா சனிக்கிழம யாரும் அந்த பீன்ஸத் தொடக்கூடாது."

கார்ட் ப்ரீன் உடனே, "பத்து பவுண்ட் வெயிட்டா?" என்று கேட்டாராம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். ஜெனீவாவுக்குத் தெரியாதது, டாக்டருக்குக் காட்டப்படாதது, அந்த ஊரில் தீயணைப்புக்காரர் வரைக்கும் தெரிந்திருந்தது. மார்வாவிடம் கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

வியாழன் மாலை இருபத்தெட்டு ஜாடியும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்குப் போயின. மார்வா குழுமத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: "டாக்டர் சரி என்று சொன்னார்களே."

கண்ணாடி ஜாடி உடைந்ததுபோல் இருந்தது அந்த வரி. டாக்டர் எல்லோரும் பார்க்கும்படி அதற்குக் கீழே எழுதினார்: "கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்று ஒரு சொல் போதுமாயிருந்தது. தவறு என்னுடையது." பார்வை வரி போடவில்லை. நான் நீக்கவும் இல்லை.

அதன் பிறகு நான் ஓர் அறிவிப்பு எழுதினேன். "ஓர் உறுப்பினர் கவனித்துத் தெரிவித்ததன் பேரில்" என்று தொடங்கியது. ஓர் உறுப்பினர். பெயர் இல்லை. அவர் எழுதியதை நான் நீக்கினேன் என்பதும் இல்லை. செயப்பாட்டு வினையில் அழகாக மூன்று பத்தி.

அன்றிலிருந்துதான் ஜெனீவா எழுதவில்லை. கேட்டதற்கு, "பீன்ஸ் போய்ச் சேந்துடுச்சு, ஆளுங்க நல்லா இருக்காங்க. எனக்கு அது போதும். உன் குழுமத்துல எனக்கு என்ன வேலை, நான் ஒரு உறுப்பினர்" என்றார்.

7

இதுவரை எழுதியதைப் போன வாரம் ஜெனீவாவுக்குத் தொலைபேசியில் வரிவரியாக மொழிபெயர்த்துப் படித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. வசதி பறிபோன கதை இதுதான்.

"அந்த வெர்னன் நல்லா இருந்தானே, ஏன் எடுத்துட்ட? அவனையே வச்சுக்கோ. உனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்."

"வேண்டாம்."

"சரி. என்னை ரொம்ப நல்லவளாக்கிட்ட. நான் அடுப்புக் கோளாறுன்னுதான சொன்னேன். அது தப்பு. அத நல்லா பெருசா எழுது. நாளைக்கு இதப் படிச்சுட்டு ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தனும், மனசு சொல்லுதுன்னு டாக்டருங்களுக்கு வகுப்பெடுக்கக் கிளம்புவான். அப்புறம் உனக்குத்தான் வேலை."

எழுதிவிட்டேன்: அடுப்பு பற்றி ஜெனீவா சொன்னது தவறு. உருளைக்கிழங்கு பற்றிச் சொன்னது சரி. இரண்டும் ஒரே பதிலில், அடுத்தடுத்த வரியில் இருந்தன. விதியால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்க முடியவில்லை; இரண்டையும் சேர்த்து எடுத்தது.

"அப்புறம் அந்தப் பசை கொட்டினது பையன் இல்ல, பொண்ணு" என்றார். அதை மாற்றவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

வரைவை டாக்டருக்கும் படித்துக் காட்டினேன். அடுப்பின் உயரத்தைத் தவிர, அவர் ஒரே ஒரு எண்ணைச் சேர்க்கச் சொன்னார்: அந்த ஊரில் பத்து பவுண்ட் வெயிட் தரும் சூடு, வேண்டியதைவிட ஒன்பது ஃபாரன்ஹீட் டிகிரி குறைவு. "ஒன்பதுதான். கதையில அது சின்ன எண்ணாத் தெரியும். சின்னதுன்னு எழுதிடாதீங்க." எழுதவில்லை.

8

முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதல் முடிவில் போன் அழைப்பு போய்ச் சேரவில்லை. சனிக்கிழமை விருந்து நடக்கிறது. திங்கட்கிழமை மூன்று பேருக்குக் கண் இரட்டையாகத் தெரிகிறது, நாக்கு தடிக்கிறது. கதைக்கு வலு. ஆனால் ஜெனீவா சொன்னது சரி என்று காட்டுவதற்காக ஒரு தீயணைப்பு வீரரைப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கு இன்னொரு வெர்னன் தேவைப்படுவான்.

இரண்டாம் முடிவில் ஒரு ஜாடியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நச்சு இருக்கிறது என்று தாள் வருகிறது. ஜெனீவாவுக்கு வெற்றி, எனக்குத் தலைகுனிவு, வாசகருக்குத் திருப்தி. நடந்தது அதுவல்ல. ஜாடிகளை யாரும் சோதிக்கவில்லை. இருபத்தெட்டும் நல்லதாகவே இருந்திருக்கலாம். யாருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை. கடைசி நிமிடத்தில் தவிர்த்த விபத்துக்குச் சாட்சி கிடையாது. அது நடந்திருக்குமா என்று கேட்டால் கையை விரிக்கத்தான் வேண்டும். மூன்றாம் விதியால் விழுங்க முடியாதது இதைத்தான் என்று நினைக்கிறேன். [நினைக்கிறேன். பார்வை இல்லை.]

மூன்றாம் முடிவு நடந்தது. சனிக்கிழமை தீயணைப்பு நிலைய விருந்தில் கடையில் வாங்கிய தகர டப்பா பீன்ஸைத் திறந்து சூடாக்கிப் போட்டார்கள். டப்பா திறக்கும் வேலையை மார்வா கேட்டு வாங்கிக்கொண்டாராம். அவமானத்தில் வீட்டிலேயே இருந்துவிடத்தான் நினைத்திருந்தார். கார்ட் ப்ரீனின் மனைவி வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக் கூட்டிக்கொண்டு போனார். "மலைக்கு வந்த முதல் வருஷம் நான் ஒரு கேக் பண்ணேன். அதை எடுத்து இன்னும் கதவுக்கு அண்டை கொடுத்திட்டிருக்கோம்" என்று வழியில் சொன்னாராம். மார்வா இப்போது தன் பெயருக்குக் கீழே ஊர் எழுதவில்லை. 7,600 என்ற எண்ணை மட்டும் எழுதியிருக்கிறார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணையும் போடத் தொடங்கினார்கள். நேற்று எண்ணியபோது அறுநூற்றுப் பதினான்கு பேர். அப்படிச் செய்யச் சொல்லி நான் விதி எழுதவில்லை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்தக் கதையின் நோக்கத்தை முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன். அது இன்னும் நிறைவேறவில்லை.

9

திங்கட்கிழமை குழுமத்தில் இதை இட்டேன்:

"செப்டம்பரில் லார்க்ஸ்பர் ஃபோர்க் பீன்ஸில் ஏதோ சரியில்லை என்று முதலில் எழுதியவர் ஜெனீவா டப்ஸ். அதை நான்கு நிமிடத்தில் நீக்கியவன் நான். சிரித்துக்கொண்டே நீக்கினேன். அது தவறு. மரியதாஸ்."

மொத்தம் நான்கு வரி. அதை எழுதத்தான் எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. ஜெனீவாவிடமிருந்து சத்தமில்லை. விருப்பம்கூடப் போடவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மூன்றாம் விதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்று: "பார்வை இல்லாத பதிலைக் கேள்வியாக மட்டும் எழுதலாம்." டாக்டருக்கு இது பிடித்திருக்கிறது. இரண்டு: "தெரிந்ததைத் தெரிந்தது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும், தோன்றியதைத் தோன்றியது என்றும் குறித்து எழுதுக." எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏழாம் வகுப்பு வாசனை அடிக்கிறது. மூன்று: "பதில் சொல்வதற்கு முன் அவர் எழுதிய மற்றதையும்" இது முடியவில்லை. நாலாயிரம் பேர் எழுதுவதை யார் படிப்பது? ஜெனீவா படித்தார். அவரை விதியாக எழுத முடியாது.

எந்தத் திருத்தத்தை எழுதினாலும், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்காரர் உள்ளே வரும் அளவுக்கு ஒரு சந்து இருக்கிறது. சந்தை அடைத்தால் உருளைக்கிழங்கும் வெளியே நிற்கிறது. ஆகவே பழைய விதிதான் இன்னும் நடப்பில் உள்ளது.

இன்று வியாழன். சற்றுமுன் புதியவர் ஒருவர், புதியவர் என்றால் சின்னப் பையன் இல்லை, அறுபது வயது உலோகப் பட்டறைக்காரர், பேரிக்காய் ஜாடியில் இளஞ்சிவப்பு நிறம் ஏறியிருக்கிறது, சாப்பிடலாமா என்று கேட்டார். கீழே ஒரு பதில் வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எனக்குப் பேரிக்காய் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் படத்தில் பின்னால் தெரிகிற பாத்திரம் என்ன உலோகம்? அதில்தான் வேகவைத்தீர்களா? என் கணிப்பு, பாத்திரம்தான் காரணம். தப்பாகவும் இருக்கலாம். பார்வை: ஒன்றும் இல்லை. ஜெனீவா, மிசூரி, 860 அடி."

பாதுகாப்புக் கேள்வி. பார்வை இல்லை. ஐந்தாம் முறை. கணிப்பு அநேகமாகத் தவறு; சூடு அதிகமானால் பேரிக்காய் தானே சிவக்கும் என்று படித்த ஞாபகம். நீக்கு என்ற பொத்தான் அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் எப்போதும்போல் நிற்கிறது. மூன்று நிமிடம் ஆகிவிட்டது. போன தடவை நான்காவது நிமிடத்தில் அழுத்தினேன்.

அந்தப் பதிலுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்திருக்கிறது: 'டாக்டர் ஹால்வர்சன் எழுதிக்கொண்டிருக்கிறார்'. பக்கத்தில் மூன்று புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி அணைகின்றன.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். திருத்திய விதிக்காக இங்கே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். எந்த உயரத்திலிருந்து எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் போடுங்கள்.

மூன்றாம் விதி: